அளவில்லாதது, ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி

மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் என் கடைக்குக் கதவு கிடையாது,
ஷட்டர்தான்.
மேகம் நேராக உள்ளே வந்து
போன் கவர்களின் மேல் உட்காரும்.
துடைத்துவிட்டுத்தான் விற்க வேண்டும்.

சனிக்கிழமைச் சண்டையை
நஞ்சுண்டன் ஆரம்பித்தார்.
பச்சைத் தேயிலை ஏஜென்ட். போனில் அவருக்கு
இரண்டே வேலை: பகலில் ஃபேக்டரிக்கு ஒரு கால்,
ராத்திரி திருப்பூரில் இருக்கும் மகளின் முகம்.

"நான் தொடாத ஜிபி எல்லாம்
பன்னெண்டு மணிக்கு எங்க போகுது பிரிசில்லா?
மிஞ்சின சோறுன்னா தண்ணி ஊத்தி வச்சு
காலையில குடிக்கலாம்.
இது காசு குடுத்து வாங்கினது."

ஒரு ரீசார்ஜுக்கு எனக்கு நிற்பது ஏழு ரூபாய்.
இதற்குப் பதில் சொல்லும் கூலி
அதில் சேரவில்லை என்றேன்.

டெல்வின் சிரித்தான்.
இத்தலாரில் கேரட் கழுவும் மிஷினில் ராத்திரி வேலை.
எட்டு மணிக்கே அவனுக்குத் தீர்ந்துவிடும்.
அதற்குப் பிறகு பவுலர் கையைத் தூக்கினால்
இறக்குவதற்குள்
ரெண்டு மூட்டை கேரட் வெள்ளையாகிவிடும்.
"அளவில்லாததுன்னு போர்டு மாட்டியிருக்கியே அக்கா,
அளவு இருக்கே."

"நீ திங்கிறது என் பங்குடா," என்றார் நஞ்சுண்டன்.
"ஒரே டவர். நீ உறிஞ்ச ஆரம்பிச்சா
எம்மக முகம் கட்டம் கட்டமா உடையுது."

"உங்க பங்கு எனக்கு வந்திருந்தா
நான் ஏன் இங்க வந்து நிக்கிறேன்?"

இருவரும் என்னையே பார்த்தார்கள்,
டவரை நான்தான் இடுப்பில் சொருகி வைத்திருப்பது போல.

மிச்சி அக்கா அதுவரை
டெம்பர் கிளாஸ் ஒட்டியதில் ஒரு குமிழியை
நகத்தால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.
கீழ்குந்தாவில் அரை ஏக்கர்.
இலைக்காசு மாசம் ஒரு தடவை.
ரீசார்ஜ் இருபத்தெட்டாம் நாளே செத்துவிடும்.
"கம்பெனிக்கு வருஷம் பூரா பிப்ரவரி," என்றாள்,
தலையைத் தூக்காமல்.
பிறகு தூக்கினாள்.

"ஏஜென்ட்டண்ணா,
நூறு கிலோ கொண்டாந்தா எட்டு கிலோ
ஈரம்னு கழிக்கிறீங்க.
மழையில சரி.
மார்ச் மாசம், மண்ணு வெடிச்சுக் கெடக்கிறப்பவும்
அதே எட்டு.
அது பன்னெண்டு மணிக்கு எங்க போகுது?"

ஊட்டி பஸ் ரிவர்ஸ் எடுத்தது.
கண்டக்டர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தோம் நால்வரும்.

"அது ஃபேக்டரி ரூல்," என்றார் நஞ்சுண்டன் கடைசியில்.
"நான் நடுவுல நிக்கிறவன்."

என் வாயில் இருந்த வார்த்தை அது.
அவர் முந்திக்கொண்டார்.

அப்புறம் மூன்று பேரும் ரீசார்ஜ் செய்தார்கள்.
அதே பிளான்.
டேட்டா இல்லாத ஒன்று பட்டியலின் அடியில் இருந்தது,
சின்ன எழுத்தில்.
நான் அவ்வளவு தூரம் விரலைத் தள்ளிக் காட்டவில்லை.
அதில் எனக்கு மூன்று ரூபாய்தான்.
மிச்சி அக்கா நூறு ரூபாய்த் தாள்களை
ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்துக் கொடுத்தாள்.
டெல்வின் போகிற போக்கில் போர்டை ஒரு தட்டு தட்டினான்.
அது ஆடிவிட்டு
பழையபடி அளவில்லாமல் நின்றது.

ராத்திரி பதினொன்றே முக்கால்.
கம்பளிக்குள் நான், என் போன்,
தொள்ளாயிரம் எம்பி மீதி.
இன்னும் பதினைந்து நிமிஷம்.
பார்க்க எதுவும் தோன்றவில்லை.
சும்மா விடவும் மனசில்லை.

ஏதோ ஒரு கடல் வீடியோ,
பத்து மணி நேரம் ஓடுவது.
இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் போட்டு
சத்தத்தைக் குறைத்து
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கம்பளியின் ஓரத்தில் கொஞ்சம் நீல வெளிச்சம் கசிந்தது.
இந்நேரம் இத்தலாரில்
ஒரு பவுலரின் கை மேலேயே நிற்கலாம்.
நஞ்சுண்டன்
ஒரு முகத்தின் எந்தக் கட்டத்தைப் பார்த்து
"கேக்குதா, கேக்குதா" என்கிறாரோ.

எழுந்து நிறுத்தவில்லை.
குளிர்.
அதோடு, காசு கொடுத்தது.