நிறுத்தப்படுகிறது

கிளைப்பெடா துறைமுகம். இரவு இரண்டு இருபது.
திரையில் ஒரே ஒரு சொல்:
நிறுத்தப்படுகிறது.
நாற்பது நிமிடமாக அதே சொல்.
முடிய மறந்த வினை.

யோலிதா கட்டளையிட்டாள், மறுபடியும் இட்டாள்.
சரி சரி என்றது சர்வர்,
ஓவர்கோட் மாட்டிக்கொண்டு
கதவுப்பிடியில் கைவைத்தபடி
இன்னும் பேச்சை விடாத விருந்தாளி மாதிரி.

ஐந்து மணிக்கு மீன் கப்பல்.
அதற்குள் புதுப் பதிப்பு ஏறியாக வேண்டும்.

"ஒன்பதாம் நம்பரைப் போடு," போனில் கின்தௌதாஸ்,
கொட்டாவியோடு.
ஒன்பது என்றால் கேள்வி கிடையாது. கழுத்தில் கத்தி.
இத்தனை நாளும் அப்படித்தான் செய்தார்கள்.
விடிந்ததும், செத்தது பூட்டிப்போன பூட்டை
யாராவது தேடி அழிப்பார்கள்.
பதிவாகாத சில பெட்டி ஹெர்ரிங்
யார் கணக்கிலும் ஏறாமல் போகும்.

இந்த முறை அவளுக்குக் கொல்ல மனமில்லை.
உள்ளே நுழைந்து ஒவ்வொரு இழையாகத் தொட்டுப் பார்த்தாள்.
இருபத்தாறு ஓய்ந்து கிடந்தன.
ஒன்று மட்டும் விழித்திருந்தது,
பதினான்காம் மேடையின் எடைப்பாலத்திடம்
'கடைசி எடை என்ன?' என்று கேட்டுவிட்டு.

பதினான்காம் மேடையில் எடைப்பாலமே இல்லை.
நான்கு வருஷம் முன்பு பெயர்த்தெடுத்துப்
பழைய இரும்பு விலைக்குப் போட்டாயிற்று.
அங்கே இப்போது உர மூட்டைகள்.

எத்தனை நொடி காத்திருக்கலாம்?
நிரலில் இருந்தது: பூஜ்யம்.
காத்திருக்காதே என்று நினைத்து எழுதிய பூஜ்யம்.
இயந்திரம் அதை, எப்போதும் காத்திரு என்று படித்துக்கொண்டது.
ஓரத்தில் எழுதியவரின் முதலெழுத்துகள்.
அவளுடையவை.
வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம்.

மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
காற்றுக்குள் இறங்கினாள்.
கொக்கியில் சும்மா தொங்கிய கேபிள் முனையில்
பச்சை பூத்திருந்தது.
கம்பளிக் கையுறையால் துடைத்தாள், சொருகினாள்,
இல்லாத எடைப்பாலத்தின் குரலில்
விறைத்த விரலால் அடித்தாள்:
பூஜ்யம் கிலோ.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
"என்ன செய்தாய்? தானாக நின்றுவிட்டதே!"

ஆமாம். நிறுத்தப்பட்டது இல்லை,
நின்றது.
கடைசிப் பெட்டிவரை எழுதி முடித்து,
பூட்டைத் திறந்து வைத்துவிட்டு.

திரும்பி வந்து பூஜ்யத்தை அழித்து
முப்பது என்று அடித்தாள்.
முப்பது போதுமா?
விரல் அப்படியே நின்றது.
வெளியே கப்பல் ஒருமுறை ஊதியது,
முன்கூட்டியே வந்துவிட்டிருந்தது.