மலை முடிந்த இடம்

தருமபுரத்தில், நெத்தலியாற்றுக்கு இந்தப் பக்கம்,
யோகமலரின் காணியில் குழாய்க்கிணறு அடிக்கிறோம்.
பத்தடிக்கு ஒரு பிடி மண் எடுத்துச்
சிமெந்துப் பையின்மேல் வரிசையாக வைப்பது
என் வேலை.

முதல் பிடி போன மார்கழியின் வண்டல்.
இன்னும் பாசி மணக்கிறது.
பாலத்துக்கு மேலால் ஆறு போன அந்த இரவில்
யோகமலரின் வேலியையும்
பக்கத்துக் காட்டு மிதிவெடிப் பலகையையும்
ஒரே கையால் தூக்கிக்கொண்டு போனது.
மூன்று வயல் தள்ளிப் பலகை கிடந்தது,
மண்டையோடு வானத்தைப் பார்த்தபடி.
ஆற்றுக்கு எழுத்துத் தெரியாது.
பாரம் மட்டும் தெரியும்.
கனத்ததை முதலில் இறக்கும்,
மணலைக் கொஞ்சம் பொறுத்து,
களியை அலுத்துப்போன இடத்தில்.
கல், இரும்பு, செருப்பு
எல்லாம் அதற்கு நிறைதான்.

நாற்பதடியில் சிப்பித் துண்டுகள்.
கடல் இங்கே இருந்திருக்கிறது,
சொல்லாமல் எழும்பிப் போயிருக்கிறது.

அறுபதில் கூழாங்கல்.
புறா முட்டை போல, வெள்ளை வெள்ளையாய்.
கையில் உருட்டிப் பார்த்தேன்.
கல் உருண்டையாவதற்கு வெகுதூரம் உருள வேண்டும்.
உருள்வதற்கு எங்கிருந்தாவது விழ வேண்டும்.
இங்கே கண்ணுக்கெட்டிய உயரம்
ஒரு பனையும் ஒரு போன் கோபுரமும்.
"எங்கையிருந்து விழுந்தது?" என்றேன்.
"தண்ணி வந்தாச் சரி" என்றார் சற்குணம்,
நெம்புகோலிலிருந்து கண்ணெடுக்காமல்.

எழுபத்தேழில் அப்பா
ஒரு தகரப் பெட்டியோடு மலையிலிருந்து இறங்கி
இந்தத் தட்டை நிலத்தில் வந்து நின்றாராம்.
நம் தலைக்கு மேலே விழ இங்கே ஒன்றுமில்லை
என்று சொன்னாராம்.
வானத்தைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

அக்கா பேச்சியம்மா மட்டும்
கலியாணம் முடித்துத் திரும்பி மேலே போனாள்.

நூற்றிருபதடி. உக்கிய பாறை.
கறுப்பும் வெள்ளையுமாய் வரிவரியாக,
நடுவில் மாதுளை முத்துப்போலச் சிவப்பு.
இந்த வரிகள் மேலே வெயிலில் விழுந்தவையல்ல;
பெரும் பாரத்தின் கீழே,
நெருப்புக்குப் பக்கத்தில்,
மாவைப்போலப் பிசையப்பட்டவை.
அப்படியானால் இது ஒரு மலையின் அடிவயிறு.
மேலே இருந்த மலை?

வயலைப் பார்த்தேன்.
வரம்பு, கொக்கு, ஓரமாய் நிற்கும் ட்ராக்டர்,
அதற்கப்பால் முதிரைக் காடு.
இதுதான் அந்த மலை.
மழை மழையாக, சரிவு சரிவாக,
ஆறு தின்று முடித்துப்
பாயைப்போல விரித்துவிட்டுப் போனது.
நாங்கள் அதன்மேல் நெல் விதைக்கிறோம்,
சண்டை பிடிக்கிறோம், எல்லை போடுகிறோம்.
மலையிலிருந்து இறங்கி
அப்பா வந்து நின்றதும் மலையின்மேல்தான்.

அத்தான் காலையில் எடுத்தார்.
இரைச்சலில் பாதிதான் கேட்டது.
மூன்று நாள் மழை. லயத்துக்குப் பின்னால் வெடிப்பு.
விடியப்புறம் ஒரு சத்தம்,
லொறி மணல் கொட்டுவதைப் போல.

மலைக்கு அது ஒரு அடி எடுத்து வைத்தது மட்டும்.
கடலுக்குப் போகும் வழியில் ஒரு அடி.

அந்த மண் இந்தப் பக்கம் வராது.
மகாவலியோடு போய்
மூதூர்க் கடலில் இறங்கும்.
எத்தனையோ கோடி வருசத்துக்குப் பிறகு
யாராவது அங்கே துளை போட்டால்
தேயிலை வேரின் கறையோடு
ஒரு மெல்லிய வரி தெரியலாம்.
விரல் தடிப்பில்.

தண்ணீர் வந்தது, முதலில் பால்போல.
யோகமலர் கையில் ஏந்தி நக்கிப் பார்த்து
"உவரில்லை" என்றாள், சிரித்தாள்.
சற்குணம் கணக்குப் போடுகிறார்,
அடிக்கு இவ்வளவு என்று.
வருசத்துக்கு விலையில்லை.
நான் வரிசையாக வைத்த பிடிகளை
அவளுடைய கோழி கிளறிக்கொண்டிருக்கிறது;
சிப்பிக்குள் பாறை, பாறைக்குள் போன மார்கழி.

விரட்டவில்லை.
போன் கையில் இருக்கிறது.
அங்கேயும் இன்னும் தோண்டுகிறார்கள்.