நாலு விரல்

என் அக்கா லொரெட்டா வரைந்த ஊரில்
எல்லோருக்கும் கைக்கு நாலு விரல்.
கோடு குறையும், செலவும் குறையும் என்றாள்
கலிபோர்னியாவிலிருந்து, போனில், சிரித்துக்கொண்டே.
அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
எழுபத்தொன்றில் மர ஆலையில் விட்டுவந்த
சுண்டுவிரலின் இடத்தை
மேசைக்கடியில் தடவிக்கொண்டார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு
ஹாஸ்கெல் ஃபோர்க்கில், ஓஹையோவில்,
பௌலிங் பந்துகள் நிற்கும்.
முந்நூறு பேர் அண்ணாந்து தேடுவோம்
யார் யாராக வந்திருக்கிறோம் என்று.
பாதிரியார் ஓடர்மாட் முதல் வாரமே அகப்பட்டார்:
மைக்கைத் தின்கிற மேயர்.
பெட்ரோல் பங்க் இர்மா ஐந்து வாரம் காத்திருந்தாள்.
வரவே இல்லை.
இப்போது எங்கள் வண்டிக்கு மட்டும்
கண்ணாடி துடைப்பதில்லை.

நான் வருகிறேன். ஒன்பது வயது.
முப்பத்திநாலு வயதில்
வண்டிக்கடியில் படுத்து சைலன்சர் மாட்டுகிறவனைப் பார்த்து
பள்ளிப் பிள்ளைகள் குனிந்து கத்துகிறார்கள்:
'நான் இல்லப்பா, வாத்து!'
அது உண்மையிலேயே வாத்துதான்.
அன்றும் யாரும் நம்பவில்லை.

முதல் சீசன் அல்லவா,
கோடுகள் இன்னும் நடை பழகவில்லை.
அப்பாவின் சட்டை வாசலில் நீலம், கூடத்தில் பழுப்பு.
ஐந்தாம் எபிசோடில் நிலவறைக்கு இறங்கிய நாய்
இன்னும் ஏறி வரவில்லை.
ஏழில் வீடு பற்றி எரிந்தது.
எட்டில் அதே வீடு, அதே திரைச்சீலை,
ஒரு பொட்டுக் கரி இல்லை.
இன்ஷூரன்ஸ்காரன் வரத் தேவையே இல்லை.

இங்கே வந்தான்.
ஆலங்கட்டி எங்கள் கூரையைப் பொத்தலாக்கிய வருஷம்
ஏணி வைத்து ஏறி ஓட்டைகளை எண்ணினான்,
இறங்கி, அம்மா தந்த எலுமிச்சைச் சாறு குடித்தான்,
இரண்டு மாதம் கழித்து
அம்மாவோடு டூசானுக்குப் போனான்.

திரையில் அம்மா போகவில்லை.
வாரா வாரம் அதே பச்சை உடுப்பில்
அவனிலிருந்து எதையோ எடுக்கிறாள்,
அது கருகியிருக்கிறது,
முந்நூறு பேரும் சிரிக்கிறார்கள்.
அப்பா சிரிப்பதில்லை.
கருகியதை வாயைத் திறக்காமல் தின்றவர் அவர்.

டூசானிலிருந்து ஒருநாள் போன்:
'நான் பச்சை உடுத்தியதே இல்லை என்று அவளிடம் சொல்.'
சொன்னேன்.
'பச்சை மலிவு' என்றாள் அக்கா.
பிறகு ஏதோ சொல்ல வந்து
யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

இருபத்தோராம் நிமிடம்தான் கஷ்டம்.
எந்த வாரமானாலும், என்ன தப்பானாலும்,
திரை அப்பா மகளின் கதவை
நாலு விரலால் மெல்லத் தட்டி
மன்னிப்புக் கேட்பார்.
கட்டிக்கொள்வார்கள். பெயர்கள் ஓடும்.
எங்கள் வீட்டில் அந்தக் கதவு
அக்கா பஸ் ஏறிய இரவில் உதைபட்டது.
பூட்ஸ் தடத்தின் மேல் இரண்டு கோட் பெயின்ட்.
சாய்வெயிலில் இன்னும் தெரியும்.

கடைசி எபிசோடுக்கு
அப்பா பௌலிங் கூடத்துக்கு வரவில்லை.
வீட்டிலேயே பார்த்தோம், அவரும் நானும்.
இருபத்தோராம் நிமிடம் எழுந்துபோய்
ஃப்ரிட்ஜைத் திறந்தார்.
எதையும் எடுக்கவில்லை.
அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டே இருந்தார்,
பெயர்கள் ஓடி முடியும்வரை.

பிறகு தானே போனை எடுத்தார்.
'அந்த பிக்கப் வண்டியில்,' என்றார்,
வணக்கம் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை,
'சைலன்சரைத் தலைகீழாய் மாட்டியிருக்கிறாய்.
ஓட்டை கீழே பார்க்கணும்.
இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி
உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.'

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.
'வரைந்து அனுப்பு' என்றாள்.

கரண்ட் பில் உறையின் பின்பக்கத்தில்
பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு வரைந்தார்.
தபாலில் சேர்த்தது நான்,
அதனால் பார்த்தேன்:
அம்புக்குறிகள், அங்குலக் கணக்கு,
ஓரத்தில், யாரும் கேட்காமலே,
படியேறி வந்துகொண்டிருக்கும் ஒரு நாய்.