இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

கியர்பாக்ஸின் எண்ணெய்த் தட்டைக் கழற்றியதும்
காய்ச்சிக் கெட்டுப்போன கருப்பட்டி வாசம்.
அடிக் காந்தத்தில் பூனைமயிர் போலச் சாம்பல் மசி.
சில்லு இல்லை. மசி வரைக்கும் மன்னிக்கலாம்.

எட்டு கியர், நானூறு குதிரை.
மார்த்தாண்டத்து மாமனார்
ரிப்பன் கட்டி அனுப்பிய வண்டி.
மாப்பிள்ளை கப்பலில்:
ஆறு மாதம் கடல், மூன்று மாதம் கரை.
பார்வதிபுரம் பட்டறைக்கு ஓட்டிவந்தவள்
ஷெறின் விஜிலா.
"ரெண்டுலேந்து மூணுக்குப் போவச்செல
பொறத்தால ஒரு சவுட்டு.
அவிய வரதுக்குள்ள சரியாவணும்."

தெரியாமல் மாற வேண்டும் என்றுதான்
எல்லாரும் கேட்கிறார்கள்.
தெரியாமல் மாறுவது என்றால் வழுக்குவது.
ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க,
நடுவே கால் நொடி,
நனைந்த காகிதம் போன்ற அந்த உராய்வுத் தாள்
எரிந்துகொண்டே சிரிக்கும்.
அழுத்தத்தைக் கூட்டினால் தாள் பிழைக்கும்,
தண்டு முறுகும்.
இதற்கு மேல் எனக்கும் தெரியாது.
கொஞ்சம் ஏற்றுவேன், ஓட்டுவேன், இறக்குவேன்.

லேப்டாப்பைச் செருகினேன்.
பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்து
நின்ற இடத்திலிருந்து பாய்ந்த கணக்கு: நாற்பத்தொன்று.
எண்ணெய்ச் சூடு நூற்று முப்பத்தெட்டு.
எல்லாம் ஞாயிறு, காலை நாலரை,
மாப்பிள்ளை ராட்டர்டாம் பக்கம் இருந்த மாதங்கள்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
பையன் பெனிட்டோவை டீ வாங்க அனுப்பினேன்.

"பூசைக்கு முந்தி
ஆரல்வாய்மொழி ரோடு சும்மாதான கெடக்கு"
என்றாள், திரையைப் பார்த்தே.
பிறகு, "நிறுத்தவா?"

"நிறுத்தாண்டாம்.
ஒரு பாய்ச்சலுக்கு நாலு கிலோமீட்டர் மெல்லப் போ.
எண்ணெய் ஆறட்டு."

பெரிய கூலர் வைத்தேன்.
டி-யில் வெண்ணெய்,
எஸ்-இல் சவுட்டு.
அவர் எப்போதும் டி-யில்தான் ஓட்டுவாராம்.

முப்பந்தலில் காற்று கதவைத் தள்ளியது.
அவள் ஓட்ட, என் மடியில் லேப்டாப்.
எஸ். இரண்டு. ஆறாயிரத்து நானூறு. மூன்று.
பின்மண்டை இருக்கையில் இடித்தது.
"காணாது," என்றாள்.
இன்னும் மூன்று புள்ளி ஏற்றினேன்.
பயந்துகொண்டுதான்.

பில்லில் எண்ணெய் மாற்றியது மட்டும் எழுதச் சொன்னாள்.
எழுதினேன்.
கூலருக்குத் தனியாகக் காசு எண்ணித் தந்தாள்,
எல்லாம் ஐம்பது ரூபாய் நோட்டு.