இரண்டு இலக்கப் பெட்டி

லேசோ தீவுக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம்.
கைக்கணினியில் எங்கள் நிறுவனத்தின் அட்டவணை:
தார்த்தாள் இருபது.
தகடு நாற்பது, வைக்கோலுக்கும் அதே நாற்பது.
சுட்ட ஓடு எண்பது.
கற்பலகை நூறு,
யாரும் ஏறி மிதிக்காதவரை.
கூரைகளுக்கு ஜாதகம் கணிப்பது
என் பிழைப்பு.

தூரத்திலிருந்து பார்த்தால்
எபெயின் வீடு தெரியவில்லை.
சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு மிருகம்
நான்கு ஜன்னல்களின் மேல்
குப்புறப் படுத்திருந்தது.
கிட்டப் போய்த் தொட்டேன்.
கடற்புல்.
ஓர் ஆள் கை நுழைத்தால்
தோள்வரை போகும்.

"எப்போது வேய்ந்தது?"
இறால் வலையிலிருந்து நிமிராமல் சொன்னார்:
"ஆயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்று.
கிழக்குப் பக்கம் கொஞ்சம் புதுசு.
எண்பத்து ஒன்பது."
எந்த நூற்றாண்டின் எண்பத்து ஒன்பது என்று
நான் கேட்கவில்லை.

உத்தரங்கள் உடைந்த கப்பல்களுடையவை.
ஒன்றில் இன்னும் நங்கூரக் கயிறு அறுத்த தழும்பு.
பூச்சி அண்டவில்லை, நெருப்பும் எளிதில் பற்றாதாம்.
உப்பிட்டதை
உள்ளளவும் நினைக்கிற கூரை.

என் கணினிக்கு அப்படி ஒரு பொருளைத் தெரியாது.
பட்டியலில் கடைசி வரை தேடிவிட்டு
'வைக்கோல்' என்று தட்டினேன்.
வயது என்கிற பெட்டியில்
இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம்.
தொண்ணூற்றொன்பது போட்டேன்.
நாற்பதில் தொண்ணூற்றொன்பதைக் கழித்து
அது சிவப்பில் சொன்னது:
மீதி ஆயுள், மைனஸ் ஐம்பத்தொன்பது.

அதாவது கணக்குப்படி
இந்தக் கூடத்தில் ஐம்பத்தொன்பது ஆண்டுகளாக
மழை பெய்துகொண்டிருக்கிறது.
அந்த மழையின் நடுவில் உட்கார்ந்து
எபெயின் மனைவி ரிக்கெ கொடுத்த காப்பியை
நனையாமல் குடித்தேன்.

ஒழுகியது பின்கட்டுதான்.
இரும்புத் தகடு, கருநீலம்,
பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டிய
'வாழ்நாள் உத்தரவாதம்'.
யாருடைய வாழ்நாள் என்று அதில் எழுதவில்லை.
விற்ற கம்பெனி பதினொன்றாம் வயதில் போய்விட்டது.
அதற்குக் கீழே நீல வாளி.
டொக்.
ரிக்கெயின் தம்பி தேர்ந்தெடுத்த தகடாம்.
டொக்.
அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

கொடுக்கிற தெய்வம்
கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம்.
பிய்த்துக்கொண்டு போகிற காற்றுக்கு மட்டும்தான்
எங்களிடம் படிவம் உண்டு.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகம்
அவர்களுக்குக் கடிதம் அனுப்பியது.
தங்கள் கூரை காலாவதியாகிவிட்டது,
முப்பது நாட்களுக்குள் மாற்றவும்.
பின்கட்டுத் தகட்டுக்கு
இன்னும் இருபத்தேழு ஆண்டு ஆயுள் இருப்பதாகப்
பாராட்டு வேறு.
கீழே என் கையெழுத்து.

பதிலாக ஒரு பார்சல் வந்தது.
பிரித்தேன்.
ஒரு பிடி கடற்புல், மொரமொரப்பாக,
மணல் இரண்டு துளி,
ஒரு துண்டுச் சீட்டு:
'எந்தப் பக்கம் காலாவதி என்று
குறியிட்டு அனுப்பவும்.
வாளி நிறைந்துவிட்டது, அது வேறு விஷயம்.'

வெள்ளிக்கிழமை வரை
அலுவலகம் முழுக்கக் கடல் வாடை.
மேலாளர் இரண்டு முறை ஜன்னலைத் திறந்தார்.
அட்டவணையின் அச்சுப்பிரதியில்
கற்பலகைக்குக் கீழே
பென்சிலால் ஒரு வரி சேர்த்தேன்: கடற்புல்.
எதிரே எண் போடவில்லை.

இரவு ஃபிரெடெரிக்ஸ்ஹாவனில் மழை.
எங்கள் அடுக்ககத்துக்குத் தார்த்தாள் கூரை,
வயது பத்தொன்பது.
மேலே ஏறிப் பார்த்தவள் இல்லை நான்.
விளக்கை அணைத்துவிட்டு
எதற்கும் இருக்கட்டும் என்று
வாளி எங்கே இருக்கிறது என்பதை மட்டும்
யோசித்து வைத்துக்கொண்டேன்.