பழைய எண் 23

இரவு பதினொன்றே முக்கால்.
கன்ஃபிகர் ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டே போகிறது.
கம்பைலர்? இருக்கிறது.
கணித நூலகம்? இருக்கிறது.
நெட்சிடிஎஃப்?
கொஞ்சம் நின்று,
இல்லை.

இல்லையாம்.
செவ்வாய்க்கிழமை என் கையால் நிறுவியது.
ஆப்ட் அடைவில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது,
வாசலில் பெயர்ப்பலகை போலத் தலைப்புக் கோப்புகூட உண்டு.
இது தேடுவதோ மெயின்ரோடு மட்டும்,
யூஎஸ்ஆர், யூஎஸ்ஆர் லோக்கல்,
சந்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

போன்.
"மேடம், டில்லிபாபு பேசுறேன், பரோட்டா.
இருபத்துமூணுன்னு போட்டிருக்கு.
இருபத்துமூணுல நாய்தான் இருக்கு."
பழைய இருபத்துமூணுங்க. புதுசு ஒன்பது.
"அத முன்னாடியே சொல்றதில்ல?"

வேளச்சேரியில் தூறல்.
கேட்டைத் திறந்து விளக்கடியில் நின்று கையாட்டினேன்.
வண்டி இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனது.

மேலே வந்து
எண்ணெய் படாத விரலால் தட்டினேன்:
இன்ன அடைவு,
அதிலும் லிப் இல்லை, லிப் அறுபத்துநாலு.
பழைய எண், புதிய எண்,
இரண்டையும் எழுதிவைத்தேன்.

இருக்கிறது, என்றது
எதுவும் நடக்காத மாதிரி.
மன்னிப்பெல்லாம் கிடையாது.
அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

விடிவதற்குள் கட்டி முடிந்தால்
நாளை மழை உண்டா என்று
கணக்குப் போட்டுச் சொல்லும் இது.
டில்லிபாபுவின் சட்டை
அப்போதே முதுகோடு ஒட்டியிருந்தது.