பின்கதவு

தஞ்சாவூர் பைபாஸ் ஷோரூமில்
வண்டிக்கு என்ன வயது என்றார்கள்.
பதினொன்று என்றேன்.
டை கட்டிய பையன் விரலால் திரையைத் தள்ளித் தள்ளி
மூன்று நாற்பது என்றான்,
புதுசு எடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் இருபது.
பானெட்டைத் திறக்கவில்லை.
ஒரு கேள்வி இல்லை.
குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுத்தான்,
அதில் கம்பெனி பெயர் இருந்தது.

"கொடுத்துட்டு நடையைக் கட்டுவோம்.
நாளைக்கு எவனும் சட்டையைப் பிடிக்க மாட்டான்"
என்றார் தியாகேசன்.
ஒரே நாளில் ஒன்பது கிரகத்தையும் காட்டிக் காட்டி
அவர் இடது முழங்கால்
கிளட்ச்சோடு பேச்சை நிறுத்தி ஆறு மாதம்.

கணக்கு என் கையில்.
ரோட்டில் அறுபத்தைந்தாயிரம் கிடக்கிறது,
குனிந்து எடுக்க வலிக்கிறதா என்றேன்.

தாராசுரம் அரிசி மில் எதிரே நிறுத்தி
முன் கண்ணாடியில் சோப்பால் எழுதினேன்:
விற்பனைக்கு. 4,25,000. படுக்கை உண்டு, அடுப்பு உண்டு.

வந்தார்கள்.
கிலோமீட்டரை மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவர்.
இரண்டு பக்கமும் இரண்டு சதவீதம் கேட்ட புரோக்கர்.
எமகண்டத்தில் விலை பேசக் கூடாதென்று
டீ குடித்துக் காத்திருந்து
எமகண்டம் முடிந்ததும் கிளம்பிவிட்ட ஒருவர்.
ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்து
சுவாமிமலை வரை போய்
மச்சினியை இறக்கிவிட்டு வந்த ஒருவர்.

பன்னிரண்டாம் நாள்
திருக்காட்டுப்பள்ளி இருதயராஜ், அக்காள் சகாயமேரியுடன்.
வேளாங்கண்ணிக்கு ஆள் ஏற்றப் போகிறார்களாம்.
அவன் டயரை உதைத்தான், ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்தான்,
நான்கு பத்துக்கு வந்து நின்றான்.
தியாகேசன் என்னைப் பார்த்த பார்வையில்
கல்யாணத்தன்று கூட அவ்வளவு மரியாதை இல்லை.

சகாயமேரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி
பின் படுக்கையில் மல்லாந்து படுத்தாள்.
கண்ணை மூடினாள்.
"நல்ல வாசனைக்கா" என்றாள்.

காலையில் நான் போட்ட சாம்பிராணி.
அதற்கு அடியில்தான் இருந்தது அந்த ஐப்பசி.
அணைக்கரையில் கொள்ளிடம் ஏறி
சீட்டு முங்க இரண்டு நாள் நின்ற வண்டி,
கதவைத் திறந்தபோது வழுக்கி விழுந்த சேறு,
ஒரு குரவை மீன்.
ஷோரூம் பையன் கேட்டிருந்தால்
அப்படியெல்லாம் இல்லையே தம்பி என்றிருப்பேன்.
அவன் படுத்துப் பார்க்கவில்லை.

சொல்லிவிட்டேன்.
தியாகேசன் என் முழங்கையைக் கிள்ளிய இடம்
சொல்லி முடிக்குமுன் சிவந்துவிட்டது.

இருதயராஜ் கீழே படுத்து
அடித்தகட்டைச் சாவியால் சுரண்டினான்.
துரு பொலபொலவென்று உதிர்ந்தது.
எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு
"அம்பது குறைச்சுக்குங்க" என்றான்,
நூறு அடி நடந்து போய்த் திரும்பி வந்து
மூன்று அறுபது.
டேங்கில் டீசல் இல்லை என்று
சகாயமேரி இன்னொரு இரண்டாயிரம்.

மூன்று ஐம்பத்தெட்டு.
குளிர்ந்த தண்ணீர் கூடக் கிடையாது.

இருபத்தொன்பது, முப்பது படிவங்களில்
கையெழுத்துப் போட்டுவிட்டு
பஸ்ஸில் திரும்பினோம்.
பெயர் மாற்றும் வரை அபராதம் நம் வீட்டுக்குத்தான் வரும்
என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார்,
வீட்டில் இறங்கியும் மூடிக்கொண்டார்.

நான்காம் நாள் ராத்திரி பதினொன்றரைக்குப் போன்.
"அக்கா, வேளாங்கண்ணி பார்க்கிங்ல நிக்கிறோம்,
பின்கதவு திறக்கல, சாமானெல்லாம் உள்ளே."

அதை மட்டும் சொல்ல மறந்திருந்தேன்.
கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்து
இடுப்பால் ஓர் இடி என்றேன்.
தூரத்தில் கடலா கூட்டமா, ஒரு இரைச்சல்.
பிறகு டக்கென்று,
பதினொரு வருஷம் கேட்ட அதே சத்தம்.

போர்வைக்குள்ளிருந்து தியாகேசன் யாரென்றார்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது,

"இடப்பக்க இடுப்புன்னு சொன்னியா?"